பூட்டம்மா தெருவில் சாப்பிட்ட நாள்

பூட்டம்மாவுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. நகராட்சியில் இருபத்தொன்பது வருடம் சுகாதார ஆய்வாளராக இருந்தவள். சாப்பாட்டுக் கடை எதுவானாலும் பின்வாசல் வழியாகத்தான் நுழைவாள். உள்ளே அழுக்கைக் கண்டாளோ, அடுப்பை அணைக்கச் சொல்லி, கதவுக்குப் பூட்டுப் போட்டு, அரக்கு முத்திரையும் வைத்துவிட்டுத்தான் மறுவேலை. அதனால் கடைக்காரர்கள் சூட்டிய பெயர் இது. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அவளுக்கு அது தெரியும். தெரிந்து, உள்ளூர ஒரு பெருமையும் உண்டு. தன் பெயரைக் கேட்டால் மார்க்கெட்டே நடுங்குகிறது என்றால் யாருக்குத்தான் இனிக்காது?

வெளியே எங்கும் ஒரு வாய் தண்ணீர்கூட அவள் குடித்ததில்லை. பின்வாசலைப் பார்த்தவளுக்கு முன்வாசலில் உட்கார மனம் வராது. காலை ஐந்தரைக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவதால் வீட்டுச் சமையல் முழுக்க வீட்டுக்காரர் பொறுப்பு. அவர் தையற்காரர். மார்க்கெட் முனையில் ஒற்றைக் கதவுக் கடை. விடியுமுன் எழுந்து சமைத்து, மூன்றடுக்கு டப்பாவில் கட்டி, அவளுடைய ஆபீஸ் பையில் வைத்து, பையைக் கதவோரம் மாட்டிவிடுவார். ஒரு நாள் தவறியதில்லை. இப்படி ஒரு புருஷன் கிடைக்க என்ன தவம் செய்தாளோ என்று ஆபீஸ் பெண்கள் கண் வைப்பார்கள். அவளும் இல்லையென்று சொன்னதில்லை.

ஓய்வு பெற்ற பதினைந்தாம் நாள் துறைத் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. அவள் பார்த்த வட்டத்தில் இருபத்தொன்பது வருடத்தில் கடைச் சாப்பாட்டால் ஒருவர்கூட ஆஸ்பத்திரியில் படுக்கவில்லையாம். வேறெந்த ஊரிலும் இப்படி ஒரு கணக்கு இல்லையாம். பெருநகரத்தில் நானூறு ஆய்வாளர்கள் கூடும் மண்டபத்தில் பதக்கம் தருகிறார்கள், இதை எப்படிச் சாதித்தீர்கள் என்று பத்து நிமிடம் பேச வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பூட்டம்மா மூன்று நாள் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினாள். தலைப்பு, ‘சொல்லாமல் போவதே சோதனை’. பிள்ளை குட்டி இல்லாதவள். பின்னால் விட்டுப்போக அவளிடம் இருந்தது அந்த ஒரு கணக்குத்தான்.

தையற்காரர் உரையை வாசித்துப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார்.

“ஒரு நாள் முன்னாடியே போயிடுவோம். அன்னிக்கு முழுக்க நான் காட்டுற கடையில நீ சாப்பிடணும். பெரிய ஓட்டலும் பார்க்கணும், தெருக் கடையும் பார்க்கணும். இனிமே நீ ஆபீசர் இல்ல, ஞாபகம் இருக்கட்டும்.”

பயணத்துக்கென்று கத்தரிப்பூ நிறத்தில் அவளுக்கு ஓர் உடுப்பும் தைத்து வைத்திருந்தார். மறுக்க அவளுக்கு வாய் வரவில்லை.

முதலில் போனது கண்ணாடிக் கதவும் வெள்ளை மேசைவிரிப்புமாக இருந்த ஓட்டல். தையற்காரர் உட்கார்ந்து உணவுப் பட்டியலை ஆசையாகப் பிரித்தார். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்த பூட்டம்மாவின் கால், கேட்காமல் கொள்ளாமல் அவளைப் பக்கத்துச் சந்துக்கு இழுத்துப் போனது. பழக்க தோஷம். பின்கதவைத் தள்ளினால், தரை துடைக்கிற வாளியில் மீன் ஊறிக்கொண்டிருந்தது. வாளியின் ஓரத்தில் துடைப்பத்துணி தொங்கியது. அவள் மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறக்குமுன் தலைமைச் சமையல்காரர் அவள் மீது ஓர் ஏப்ரனை வீசினார்.

“இப்பதான் விடிஞ்சுதா உனக்கு? தட்டுக் கழுவ பத்து மணிக்கே ஆள் வந்துடும்னு ஏஜென்ட் சொன்னான். நில்லாத, அந்தத் தட்டையெல்லாம் எடு!”

எந்தச் சமையல்காரரும் அவளைக் கண்டால் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அதுதான் அவள் அறிந்த உலகம். ஏப்ரன் விழுந்த தோளோடு பூட்டம்மா அப்படியே மலைத்துப்போனாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், நாலு தட்டுக் கழுவினாள். மூளை நின்றுவிட்டது, கை மட்டும் தன் போக்கில் வேலை பார்த்தது. தேடிக்கொண்டு வந்த தையற்காரர் சோப்பு நுரைக்குள் முழங்கை வரை விட்டிருந்த மனைவியைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். சந்து முனை வரும்வரை அவர் சிரிக்கவில்லை. அங்கே வந்ததும் அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்தது ஒரு சூப்புக் கடை. அங்கே பின்பக்கம் போகவே வேண்டியிருக்கவில்லை. கடைக்காரர் அகப்பையால் அள்ளி உப்புப் பார்த்து, வாய் வைத்த அகப்பையை அப்படியே பானைக்குள் திரும்ப விட்டார். இரண்டு கிண்ணம் மேசைக்கு வருமுன் பூட்டம்மா தெருவில் நின்றாள்.

“எனக்கும் வயசாயிடுச்சு,” என்றார் தையற்காரர். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளைச் சுட்டது. “ஒரு கடையிலயாவது என்னை உட்கார விடு.”

“சரி. அடுத்த கடையில பின்பக்கமே திரும்பிப் பார்க்க மாட்டேன். போதுமா?”

ஆபீஸ்களும் பஸ் நிறுத்தமும் கூடுகிற ஒரு தெருவில் வரிசையாகத் தள்ளுவண்டிகள். மத்தியானக் கூட்டம் தோளோடு தோள் உரசி நின்று தின்றது. தையற்காரர் நாலைந்து வண்டிகளைக் கடந்து, முட்டையும் ரொட்டியும் போடுகிற ஒரு வண்டியின் முன் நின்றார். அகலமான கல்லில் ஒரு பெண் இரண்டு கையாலும் முட்டை உடைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் யார் முகத்தையும் அவள் பார்க்கவில்லை, கல்லைத்தான் பார்த்தாள்.

காகிதத்தில் சுருட்டிய ரொட்டி கைக்கு வந்ததும் பூட்டம்மாவுக்கு அன்றைய மூன்றாவது அதிர்ச்சி. தையற்காரர் காகிதத்தின் அடிப்பக்கத்தை ஒரு மடி மடித்துத் திருகினார். காலை அகட்டி, முழங்கையை வெளியே தள்ளி, முன்னால் சாய்ந்து ஒரு கடி கடித்தார். வடிந்த எண்ணெய் சட்டையில் படாமல் இரண்டு காலுக்கும் நடுவே தரையில் சொட்டியது. இது இன்றைக்குப் புதிதாகத் தெருவில் தின்கிறவன் நிற்கிற தோரணை இல்லை.

“எங்க கத்துக்கிட்டீங்க இதை?”

“எல்லாரும் செய்யுறதுதானே,” என்றார் அவர், வாயில் ரொட்டியோடு. “ஆறிடும், தின்னு.”

அவள் கடித்தாள். ஓரம் முறுகி நடுவில் இளகியிருந்த முட்டை, மிளகுக் காரம், கல்லின் புகை வாசனை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கடி கடித்தாள். இத்தனை ருசியா தெருவில் கிடக்கிறது! ஐம்பத்தெட்டு வயது வரை இது தெரியாமலா இருந்தோம்? அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. மூன்றாவது கடிக்கு அவள் வாயைத் திறந்தபோதுதான் முட்டைக்காரி தலையை நிமிர்த்தினாள்.

“சாவி அண்ணே!”

தையற்காரருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் ஆயிற்று. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

“என்னைத் தெரியலையா அண்ணே? நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி கடை போட்டிருந்தேனே! இங்க வந்து ஆறு வருஷம் ஆயிடுச்சு.” அதற்குள் அவள் கண் பூட்டம்மாவின் மேல் விழுந்தது. உற்றுப் பார்த்தாள். அடுப்பைத் தணித்துவிட்டு வண்டியைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். “ஐயையோ, மேடம்! கோட்டும் தொப்பியும் இல்லாம அடையாளமே தெரியல. இனிமே என்ன மேடம், அண்ணின்னே கூப்பிடறேன்.”

“சாவி அண்ணனா?” என்றாள் பூட்டம்மா.

“ஆமா, நீங்க பூட்டு, அவரு சாவி. ஊரே அப்படித்தானே சொல்லும்? உங்களுக்குத் தெரியாததா!” முட்டைக்காரி எண்ணெய்க் கையோடு அவள் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். “உங்களைப் பார்க்கிறப்பல்லாம் கையெடுத்துக் கும்பிடணும்னு தோணும் அண்ணி. ஆனா எதையும் காட்டிக்கக் கூடாதுன்னு அண்ணன் கறாரா சொல்லியிருந்தாரு.”

“எதுக்குக் கும்பிடணும்?”

“சேதி சொல்லி அனுப்பினதுக்குத்தான். ‘இந்த வாரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வர்றா, எல்லாத்தையும் தேய்ச்சு வெச்சுக்கோங்க’ன்னு அண்ணன் வந்து சொல்லிட்டு, ஒரு ரொட்டி தின்னுட்டுப் போவாரு. எந்த நாள்னு மட்டும் சொல்ல மாட்டாரு. நாங்க வாரம் முழுக்கத் தேய்ப்போம். நீங்க மட்டும் சொல்லி அனுப்பலேன்னா எங்க பொழப்பு எப்பவோ நாறியிருக்கும். பார்க்கத்தான் கடுகடு, மனசு தங்கம்னு பேசிக்காத கடை கிடையாது.”

பூட்டம்மாவுக்குத் தெருச் சத்தமெல்லாம் நின்றுபோனது. தலைமேல் இடி விழுந்தால் இப்படித்தான் இருக்கும் போல. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அந்தச் சோற்றை டப்பாவில் கட்டித் தன் பையிலேயே வைத்து அனுப்புவார்கள் என்று கேள்விப்பட்டதில்லை. அவள் போக வேண்டிய தெருக்களின் வாராந்தரப் பட்டியல் அந்தப் பைக்குள்தான் எப்போதும் இருக்கும்.

“எத்தனை கடைக்குத் தெரியும்?” அவள் கேட்டது முட்டைக்காரியை, பார்த்தது புருஷனை.

“எல்லாருக்கும்தான்!” என்றாள் முட்டைக்காரி சிரித்துக்கொண்டு.

தையற்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பூட்டம்மா கையிலிருந்த ரொட்டியை வண்டியின் ஓரத்தில் வைத்தாள். இருபத்தொன்பது வருடத்தில் தான் ஒரு கடைக்குக்கூடச் சொல்லாமல் போனதில்லை என்பது அவளுக்கு மெதுவாக உறைத்தது. இதோ நிற்கிறது ஒரு கடை. இவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. கொடுத்த வாக்காவது மண்ணாவது என்று பூட்டம்மா வண்டிக்குப் பின்னால் போனாள். அவள் கணக்கில் அதுதான் முதல் திடீர்ச் சோதனை.

தட்டு அலசுகிற வாளித் தண்ணீரில் அடி தெரியவில்லை. முட்டை ஓடு மிதந்தது. வெங்காயம் நறுக்குகிற பலகை சாக்கடை மூடியின் மேல் கிடந்தது. கையையும் கல்லையும் பலகையையும் துடைக்க ஒரே துணி, அது எந்த நிறத்தில் நெய்ததென்று கடவுளுக்கே வெளிச்சம். தான் கண்ணை மூடிக்கொண்டு ரசித்து விழுங்கிய இரண்டு கடியும் பூட்டம்மாவின் தொண்டைக்கு ஏறி வந்தன.

“ஊர்ல உன் கடை கண்ணாடி மாதிரி இருக்குமே!” என்றாள் பூட்டம்மா. “நான் நல்ல கடைன்னு எழுதிக் கொடுத்திருக்கேனே உனக்கு!”

முட்டைக்காரிக்கு வெட்கமே இல்லை. கேட்ட கேள்விக்குக் கபடமில்லாமல் பதில் சொன்னாள். “இங்க யாரு அண்ணி வர்றாங்க? அப்படியே வந்தாலும் முன்கூட்டி வந்து சொல்ல அண்ணன் மாதிரி ஒரு ஆளு வேணாமா?”

பூட்டம்மாவின் கை இடுப்பைத் தடவியது. பூட்டுப் பை இல்லை, அரக்கு இல்லை, கத்தரிப்பூ நிற உடுப்புத்தான் கையில் தட்டுப்பட்டது. அதிகாரமில்லாத ஒரு கிழவி கத்தினால் இந்தத் தெருவில் யார் கேட்பார்கள்? வாங்கித் தின்பதற்கு இன்னும் இருபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அப்போது அவள் வாயிலிருந்து வந்த வார்த்தை அவளையே தூக்கிவாரிப் போட்டது.

“இந்த வாரம் இந்தத் தெருவுக்குச் செக்கிங் வருது.”

“எந்த நாள் அண்ணி?”

“அதெல்லாம் தெரியாது. எப்ப வேணா வருவாங்க. உள்ளே எனக்கு ஆள் இருக்கு, பொய்யா சொல்லுவேன்?”

பச்சைப் பொய். முட்டைக்காரி வாளியை அந்த இடத்திலேயே கவிழ்த்தாள். துணியைச் சுருட்டிக் குப்பையில் எறிந்தாள். பக்கத்து வண்டியைப் பார்த்து “ஏ, செக்கிங் வருதாம்!” என்று ஒரு குரல் கொடுத்தாள். சேதி வண்டிக்கு வண்டி தாவி ஓடியது. கால் மணி நேரத்தில் தெருக்கோடி வரை வாளிகள் கவிழ்ந்தன, கல்லைச் சுரண்டும் சத்தம் காதைப் பிளந்தது. ஒரு பூட்டுப் போடவில்லை, ஒரு அடுப்பு அணையவில்லை. பூட்டம்மா வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள்.

விடுதி அறைக்குள் வந்து கதவைச் சாத்தியதும் அவள் பிடித்துக்கொண்டாள்.

“வேலியே பயிரை மேயறதுன்னா இதுதான். எனக்குச் சோறு கட்டுற சாக்குல பையைக் குடைஞ்சிருக்கீங்க. ஒரு ரொட்டித் துண்டுக்கா?”

“ரொட்டிக்கு இல்ல.”

“அப்ப எதுக்கு?”

தையற்காரர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். “வேலைக்குப் போன புதுசுல நீ பதினோரு கடையைப் பூட்டினே. ஞாபகம் இருக்கா? ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து ரெண்டு நாள், மூணு நாள் சோத்துல கை வெக்க மாட்டே. சுவத்தைப் பார்த்துப் படுத்துக்குவே.”

“வயிறு சரியில்லன்னுதானே சொன்னேன்?”

“சொன்னே. பதினோரு தடவையும் அதையேதான் சொன்னே. தட்டுல போட்டதை நான்தானே எடுத்துக் கொட்டினேன்? பன்னண்டாவது தடவை கொட்ட என்னால முடியல. அவ்வளவுதான்.”

பூட்டம்மாவுக்கு அந்தப் பதினோரு கதவும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்தது. கதவு மட்டுமில்லை, கதவுக்கு வெளியே நின்றவர்களின் முகமும் வந்தது. ஆனால் அவள் விடுகிறவள் இல்லை.

“நீங்க சொன்ன வாரம் போக மத்த வாரம் எவளாவது அழுகின முட்டையை ஊத்தி, தின்ன குழந்தை செத்திருந்தா?”

“அந்தப் பயம் எனக்கும் உண்டு,” என்றார் அவர். “அதனாலதான் நிறைய வாரம், நீ போகாத தெருவுக்கும் நீ வர்றேன்னு சொல்லியிருக்கேன். கடைங்க சுத்தமா இருந்தது பொய் இல்லையே.”

“சுத்தம் பண்ணினது நான் இல்ல. நீங்க பயமுறுத்தியிருக்கீங்க.”

“உன் பேரைச் சொல்லித்தானே பயமுறுத்தினேன்?”

ஒன்று மட்டும் அவள் நெஞ்சை அறுத்தது. திருட்டுத்தனமாகச் சேதி அனுப்பியவள் என்று ஓர் ஊரே தன்னை நினைத்திருக்கிறது. அன்பாக நினைத்தால் மட்டும் களவு நேர்மையாகிவிடுமா? அதை அவரிடம் சொன்னாள். தையற்காரர் அப்போதுதான் முதல்முறையாக முகம் வெளிறினார். அது அவருக்கு இதுவரை தோன்றவே இல்லை.

மறுநாள் காலை மண்டபம் நிறைந்திருந்தது. பதக்கத்தைக் கழுத்தில் மாட்டி ஒலிபெருக்கியின் முன் நிறுத்தினார்கள். பூட்டம்மா மூன்று பக்கத்தையும் பிரித்தாள், தலைப்பைப் பார்த்தாள், மடித்துவிட்டாள்.

“சொல்லாம போனாத்தான் சோதனைன்னு எழுதிட்டு வந்தேன். ஆனா ஆரம்பத்துல கொஞ்ச நாள் போக, இருபத்தொன்பது வருஷமும் நான் எந்தத் தெருவுக்குப் போறேன்னு கடைக்காரங்களுக்கு முன்கூட்டியே தெரியும். எனக்கு நேத்துதான் தெரிஞ்சுது.”

நானூறு பேரும் சிரித்தார்கள். மேடையிலிருந்த பெரிய அதிகாரி கை தட்டினார். பூட்டம்மா என்றால் சிடுமூஞ்சி என்று கேள்விப்பட்டவர்களுக்கு அவள் இப்படித் தமாஷாகப் பேசுவது பிடித்துவிட்டது.

“சிரிக்காதீங்க, நெஜமாத்தான் சொல்றேன்,” என்றாள். சிரிப்பு இன்னும் கூடியது.

மூன்றாவது வரிசையில் தையற்காரர் எழுந்து நின்றார். துணி அளவு கேட்பதற்கு மேல் நாலு பேர் முன்னால் பேசியறியாத மனிதர். நாற்காலி முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“நான்தாங்க சொன்னேன்,” என்றார். “அவ புருஷன். ஊர்ல எல்லாரும் அவ சொல்லி அனுப்பினதா நெனைச்சாங்க. அவளுக்குத் தெரியாது. சத்தியமா அவளுக்குத் தெரியாது.”

சிரிப்பு அவர் நின்ற வரிசையில் நின்றது, பிறகு பின்னால் வரிசை வரிசையாக அடங்கியது. பெரிய அதிகாரி தட்டிய கை தட்டியபடியே நின்றுவிட்டது. எல்லோரும் ஒரு திருடனைப் பார்ப்பது போல அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் உட்காரவும் தெரியாமல் நின்றார்.

பூட்டம்மா ஒலிபெருக்கியை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

“அவரை அப்படிப் பார்க்காதீங்க. தப்பு அவரோடதுதான், இல்லேன்னு சொல்லல. ஆனா தெரிஞ்சுக்க வேண்டியது என் வேலை. ஊர்ல இருக்கிற அத்தனை அடுப்படிக்குள்ளயும் புகுந்து பார்த்தேன். எங்க வீட்டு அடுப்படியில விடியக்காலம் அவர் என்ன பண்றார்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள், எழுந்து போய்ப் பார்த்ததில்ல.”

பிறகு பதக்கத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, மேடையிலிருந்து இறங்கி, அவர் நின்ற வரிசைக்கு நடந்தாள்.